கிடாய் குலுக்கிய விதம்

மிருகங்களைப் போலவும் பறவைகளைப் போலவும் குரல் கொடுப்பது என் கணவரின் தொழில். பள்ளி ஆண்டுவிழா, பொங்கல் மேடை, கல்யாண மண்டபம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். நாயாகக் குரைத்துச் சோறு தின்கிறவன் என்று அவருடைய அக்கா எங்கள் கல்யாணப் பந்தியிலேயே சொன்னார்.

மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி குலசாமிக்குக் கிடாய் நேர்ந்துகொண்டது நான்தான். மறுபடி வராது என்று டாக்டர் சொல்லவில்லை. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

திருச்சுழிக்கு அப்பால் கருவேலங்காட்டுக்குள் கோயில். கிடாய்க்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது உடம்பைக் குலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். மூன்று குடம் ஊற்றியும் மாலையைத் தின்னப் பார்த்ததே தவிரக் குலுக்கவில்லை. வெயிலில் நின்ற பங்காளிகள் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். விரத நாளில் எதையாவது மறந்து தின்றேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பிள்ள மேல என்ன குத்தம் இருக்கு? பெத்தவ சுத்தமா இருந்தாளான்னு கேளுங்க."

கணவர் போய்க் கிடாயின் கயிற்றைப் பிடித்தார். எங்கோ ஈ ரீங்கரித்தது. கிடாய் காதை உதறி, உடம்பு முழுவதையும் குலுக்கியது. குலவை எழுந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இடுப்பிலிருந்த மகனோ அப்பாவைப் பார்த்துச் சிரித்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, "ம்ம்ம்ம்" என்றான். சோறூட்டும்போது அவர் செய்துகாட்டும் ஈ அது.

நாத்தனார் பார்த்துவிட்டார். "ஏலே, சாமிகிட்டயே ஒன் வித்தையக் காட்டிட்டியா?"

"கெடா குலுக்குச்சா இல்லையா?" என்றார் இவர். "அதுக்கு மேல ஒனக்கு என்ன வேணும்?"

அதற்குள் பூசாரி வெட்டிவிட்டார். கறியை ஒருவரும் தொடவில்லை. இலை போடும் முன்பே வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

எனக்காகத்தான் செய்தார், தெரியும். ஆனால் நான் கேட்டேனா? நாலு பேர் என்னைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இன்னொரு நாள் வேறொரு கிடாய் குலுக்கியிருக்கும். நேர்த்திக்கடனைச் சாமி வாங்கிக்கொண்டதா இல்லையா என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது? மகன் நெற்றியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

போன வாரம் இன்னொரு குட்டி வாங்கிக் கட்டினேன். "இந்தத் தடவை நீங்க கோயிலுக்கு வர வேணாம்," என்றேன்.

"அப்பன் இல்லாம எவனாவது பிள்ளைக்குக் கெடா வெட்டுவானா?" என்று கேட்டார்.

நான் குட்டிக்குத் தழை போட்டேன்.