அப்பாவின் அ

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் எனக்கு முதல் வேலை அ. தோவாளையில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராக இருக்கிறேன். பாதிப் பிள்ளைகள் பூச்சந்தைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். விடியுமுன்னே வீட்டில் விளக்கு எரிவதால் பத்து மணிக்கெல்லாம் தூங்கி விழும். அதுகளை உலுக்கி உட்கார வைத்து, "சுழி போடு, வயித்த வளை, கோட்ட இழு" என்று ராகம் போட்டுச் சொல்லிக் கொடுப்பேன். ஆளுக்கொரு அ வரும். ஒன்றுக்கு வயிறு ஊதியிருக்கும், இன்னொன்று மல்லாந்து கிடக்கும். எப்போதாவது ஒரு பிள்ளை கோட்டை இடப்பக்கம் இழுத்து, எழுத்தையே திருப்பிப் போட்டு வைக்கும். அந்தச் சிலேட்டை மட்டும் நான் உடனே அழிக்கச் சொல்வதில்லை. என் மகள் முதலில் எழுதியதும் அந்த மாதிரி அ-தான்.

அவள் தவழத் தொடங்குமுன்னே என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய்விட்டார். ஏ.சி. மெக்கானிக். எங்கள் பக்கம் விஜயதசமியன்று அப்பா பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய பச்சரிசியில் முதல் எழுத்தை எழுத வைப்பார். மகளுக்கு எழுத வைக்கிற வயது வந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானே வைத்துவிடுகிறேன் என்றேன். மனுஷனுக்கு வந்ததே கோபம்.

"ஒருத்தரும் அவ விரலத் தொடப்பிடாது. நான் வந்து பிடிச்சு எழுதுகேன். அது வரைக்கும் ஃபோன்ல நானே சொல்லிக் குடுக்கேன்."

"அப்ப நான் எதுக்கு டீச்சர்னு இருக்கேன்?"

"நீ ஊரார் பிள்ளைக்கு டீச்சர். இவளுக்கு நான்தான்."

நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் பயம் எனக்குத் தெரியும். அப்பா எங்கே என்று கேட்டால் பிள்ளை ஃபோனைத்தான் காட்டும். ஒவ்வொரு தடவையும் பேச்சை முடிக்கும்போது, "நான் வந்தா எங்கிட்ட வருவாளாட்டி?" என்று கேட்காமல் வைக்க மாட்டார். வராமல் எங்கே போவாள் என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. வீடியோ கால் போட்டு, ஃபோனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். பிள்ளை சிலேட்டோடு உட்காரும். "மக்களே, இஞ்ச பாரு, இது அ" என்று அவர் குரல் மட்டும் கேட்கும். மீன் கழுவுகிறவளுக்கு எட்டிப் பார்க்க எங்கே நேரம்?

அடுத்த ஜூனில் அவள் என் வகுப்பிலேயே சேர்ந்தாள். மற்றதெல்லாம் கிறுக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் தயங்காமல் ஒரு அ எழுதினாள். சுழி, வளைவு, கோடு எல்லாம் அச்சு மாதிரி. ஆனால் மொத்தமும் திரும்பி இருந்தது. அழித்துவிட்டு நேராக எழுதிக் காட்டினேன்.

"அது இல்ல. அப்பா அ இதுதான்" என்று மறுபடியும் திருப்பிப் போட்டாள்.

ஆ-வும் அப்படி, இ-யும் அப்படி. ஹெட்மிஸ்ட்ரஸ் சிலேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் நாகர்கோயில்ல ஒரு டாக்டரைப் பாத்துருங்க டீச்சர்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிள்ளைக்குப் பின்னால் நின்றேன். ஃபோனில் ஒரு வெள்ளைத்தாள். அதில் தடித்த பேனாவால் ஒரு அ. கோடு இடப்பக்கம்.

"என்னத்த எழுதி வச்சிருக்கிய? திரும்பிக் கிடக்கு."

"அங்க திரும்பியா தெரியுது?" என்றார். முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

விஷயம் இதுதான். முதல் நாள் அவர் நேராகத்தான் எழுதியிருக்கிறார். தாளைத் தூக்கிப் பிடித்தபோது, அவர் ஃபோனில் அவர் முகம் தெரிகிற மூலையில் எழுத்து திரும்பித் தெரிந்திருக்கிறது. அந்த மூலை கண்ணாடி மாதிரி, எதிர்ப்பக்கம் நேராகத்தான் தெரியும் என்பது தெரியாமல், பிள்ளைக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்து, ரூமில் உட்கார்ந்து, திருப்பி எழுதிப் பழகியிருக்கிறார். "கூட இருக்கவனுவ எல்லாம் சிரிச்சானுவ. நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "நல்ல அப்பன் நான். இனி நீயே சொல்லிக் குடு" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில், "சாப்பிட்டியா மக்களே" என்பதோடு சரி. அவர் ஃபோனை வைத்த பிறகும் பிள்ளை சிலேட்டோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். காலாண்டுப் பரீட்சைக்குள் அவள் வகுப்பில் நேராக எழுதப் பழகிவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஃபோன் முன்னால் மட்டும் திருப்பித்தான் எழுதுவாள். எழுதி, அணைந்துபோன ஃபோனுக்குக் காட்டுவாள்.

விஜயதசமிக்கு முந்தின நாள் அவர் வந்து இறங்கினார். வாசலில் பெட்டியோடு நின்ற ஆளைப் பார்த்ததும் பிள்ளை ஒரே ஓட்டமாகப் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சாக்லேட்டைக் காட்டினார், பொம்மையைக் காட்டினார். ஊஹூம். மறுநாள் காலையில் அரிசித் தட்டு வைத்ததும் மறுபடியும் அங்கேயே போய் ஒளிந்துகொண்டது. அவர் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நான் அப்பமே கேட்டேம்லாட்டி. வரமாட்டா."

"அவ இன்னமும் ஃபோனுக்கு முன்னால நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் அ எழுதுகா. எழுதிப் பாருங்க" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அரிசியில் விரலை வைத்து எழுதினார். கோடு இடப்பக்கம்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து தலை நீண்டது. மெதுவாக வந்து அரிசியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஃபோன் அப்பாவா?"

அவர் தலையை ஆட்டினார். மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவர் அவள் விரலைப் பிடிக்கப் போனார். அதற்குள் அவள் அரிசியைத் தடவிச் சமன் செய்துவிட்டு, அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"சுழி போடு, வயித்த வளை, கோட்ட இழு. அந்தப் பக்கம் இல்லப்பா, இந்தப் பக்கம்."

இரண்டு விரலும் சேர்ந்து இழுத்த கோடு வலப்பக்கம் நேராக நின்றது. அவர் கண் நிறைந்திருந்ததால் அதை நான்தான் பார்த்தேன்.