அக்கா நடந்த காலிக் கோட்டை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒரு வசனத்தை எங்கே முடிப்பதென்று தெரியாது. மறதியும் கூடிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று தமிழ்ச் சங்கத்துப் பிள்ளை கேட்கும்போதெல்லாம் வெட்கத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். இப்போது எழுத வைத்தது என் அக்கா. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஜேர்மனியில் இருக்கிறாள். போன கிழமை மகளோடு ஏதோவொரு பழைய பட்டினம் பார்க்கப் போனவள், அங்கே நின்றபடியே எனக்குப் போன் எடுத்தாள். பட்டினத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. இங்கே, பூமியின் மறுகோடியில், மவுண்ட் ரோஸ்கில்லில் காலை. நான் மழைக்குள், டெய்ரி என்று இங்கே சொல்லுகிற மூலைக்கடைக்கு நடந்துபோய்ப் பாண் வாங்கிக்கொண்டு வந்து, நனைந்த காலோடு குசினியில் நிற்கிறேன். போனுக்குள்ளே கல் பதித்த ஒழுங்கை, தூண் வைத்த வீடுகள், மணிக்கூட்டுக் கோபுரம். பொல்லை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து அக்கா நடக்கிறாள்.

“இஞ்ச பாரடி, எங்கட காலிக் கோட்டை மாதிரியெல்லே கிடக்கு.”

“ஓம், வடிவாக் கிடக்கு” என்று போனை வைத்தேன். பாணை ஒரு துண்டும் வெட்டாமல் அப்படியே மேசையில் வைத்தேன். அந்தக் காலத்திலும் இப்படித்தான். நடப்பது அக்கா, கேட்டுக்கொண்டிருப்பது நான்.

அப்பா தெற்கே, கடலோரக் காலிப் பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். நாங்கள் அம்மாவோடு யாழ்ப்பாணத்தில். முந்தின வருசம் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்து, முதலில் நொண்டத் தொடங்கி, பிறகு ஒரு கால் மெலிந்துபோயிற்று. காலிக் கோட்டைக்குள் நல்லதொரு டாக்குத்தர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு வா என்று அப்பா சொல்லியனுப்ப, பள்ளிக்கூட விடுமுறைக்கு ரயிலேறினோம். ரயிலில் யன்னலோரம் அக்காவுக்கு. அப்போதே எனக்கு எரியத் தொடங்கிவிட்டது.

டாக்குத்தர் அவளுக்கு முழங்கால் வரை ஏறும் தோல் சப்பாத்து ஒன்று தைப்பித்துக் கொடுத்தார். தினமும் நன்றாக நடக்க வேண்டும் என்றும் சொன்னார். நடக்க நல்ல இடம் கோட்டைதான். ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கோட்டை அது. உள்ளே ஒரு முழு ஊரே இருக்கிறது. பின்னேரமானால் அப்பா கடையை அடுத்தவரிடம் விட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவார். நான் வாசலில் நின்று அழுவேன்.

“ரெண்டு பேரைப் பிடிச்சுக்கொண்டு மதிலில ஏற ஏலாது பிள்ளை. நீ நாளைக்கு” என்பார். அந்த நாளை வரவே வராது.

இரவில் அக்கா பாயில் கிடந்து கதை சொல்லுவாள். வெளிச்சவீடு. மதிலில் அடித்து மேலே தெறிக்கிற கடல். தரையெல்லாம் வெள்ளைக்காரரின் சமாதிக் கற்கள் பதித்த ஒரு தேவாலயம். “செத்த ஆக்களை எப்பிடி மிதிக்கிறது? நான் சப்பாத்தைக் கழட்டப் போனன், அப்பா விடேல்லை” என்றாள். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். காது மட்டும் அவள் பக்கம் இருக்கும்.

ஊருக்குத் திரும்புகிறதுக்கு முதல்நாள் என் அழுகை தாங்காமல் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலில் புதுத் தோல் செருப்பு. அக்காவுக்குச் சப்பாத்து வந்ததற்கு ஈடாக நான் அடம்பிடித்து வாங்கியது. கோட்டை வாசலைத் தாண்டும் முன்னமே அது குதிக்காலைக் கடித்துவிட்டது. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டினேன்.

மதிலில் ஏறினபோது அப்பா திரும்பிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, கால் என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை.”

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு அக்காவின் காலைப் பார்த்தார். “நீ இதிலயே இரு, அசையாதை” என்று அவளை மதிலில் இருத்திவிட்டு, என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்ல! ஒழுங்கை ஒழுங்கையாக ஓடினார். தூண்களும் விறாந்தைகளும் உயரமான யன்னல்களும் என் முகத்துக்கு நேரே வந்து வந்து போயின. அக்கா கீழே நின்று பார்த்ததையெல்லாம் நான் மேலேயிருந்து பார்த்தேன். அப்பாவின் உடம்பு நடுங்கியது. என்னைக் குலுக்கி விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஓட்டம் டாக்குத்தர் வீட்டில் போய் நின்றது. அவர் செருப்பைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். மருந்து பூசி ஒரு பிஸ்கட்டும் தந்தார். அப்பா சிரிக்கவில்லை. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அதன் பக்கம் திருப்பியபடி நின்றார். அவ்வளவு நேரம் பார்க்க அதில் என்ன இருக்கிறதென்று நானும் சுற்றிப்போய்ப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்புதான்.

திரும்பிப் போகும்போது பொழுது பட்டுவிட்டது. அக்கா விட்ட இடத்திலேயே, சப்பாத்துக் காலை நீட்டியபடி இருந்தாள். நான் தோளிலிருந்து இறங்காமலே, கண்டது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் அதில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

“உன்ர கால் நல்லா இருக்கோ?” என்றாள்.

பொறாமை தாங்காமல் கதையை மாற்றுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

இதில் இடங்களை மாறி எழுதியிருப்பேன். காலிக்குப் போய்வருகிற பிள்ளைகள் யாராவது சரிபார்த்துத் திருத்தி விடுங்கள். வெளிச்சவீட்டிலிருந்து கோட்டை வாசல் பக்கமாக வருகிற, அக்கா தனியே இருந்த அந்த மதிலில், பின்னேரத்தில் எங்கேயாவது நிழல் விழுமா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.