எந்த வீட்டில் வேலை?

எங்கள் பக்கத்தில் வேலை இரண்டே வகைதான். ஒன்று கம்பெனி வேலை, இன்னொன்று வீட்டு வேலை. காலையில் வேனில் ஏறிப் பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போனால் அது கம்பெனி வேலை. வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டி ஒட்டினாலும், காலண்டர் தாள் அடுக்கினாலும், காகிதக் குழாய் உருட்டினாலும் அது வீட்டு வேலை. ஆனைக்குட்டம் தாண்டி எங்கள் ஊரில் எந்தப் பெண்ணை நிறுத்திக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வாள். நானும் அப்படித்தான் சொன்னேன். சொன்னதன் பலனாக, ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓட ஆரம்பித்த பிறகு திங்கட்கிழமைதோறும் விருதுநகருக்கு அலைந்தேன்.

என் வீட்டு வேலை கவர் ஒட்டுவது. சிவகாசி அச்சகங்களில் கலர் விலகிப்போன தாள்களை எடைக்கு வாங்கி வருவேன். மூக்கு இரண்டாகத் தெரியும் முருகன், உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விட்ட லட்சுமி எல்லாரும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வருவார்கள். அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையைத் தடவி ஒட்டினால் வெளியே வெள்ளையாகச் சின்னக் கவர் தயார். விபூதி குங்குமம் போடக் கோயில் கடைகளுக்கும், மாத்திரை போட மருந்துக்கடைகளுக்கும் கொடுப்பேன். "ஞாயித்துக்கிழமை அல்லேலூயா, திங்கக்கிழமை விபூதிக் கவரா?" என்று எங்கள் சபையில் கேலி செய்வார்கள். செய்யட்டும். முதல் என்னுடையது, உழைப்பு என்னுடையது, நஷ்டம் வந்தால் அதுவும் என்னுடையது. எனக்கு முதலாளி கிடையாது.

அதற்கு முன்னால் எட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவரவர் அறைக்குப் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறை வெடித்தது. அன்றைக்கு என்னோடு ஊறுகாய் பங்கு போட்ட இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. பயம்தான், வேறு பெரிய காரணமெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். இனிமேல் வெடிமருந்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துத்தான் கவர் ஒட்ட உட்கார்ந்தேன்.

ஊரடங்கு வந்ததும் கோயில்களைப் பூட்டினார்கள். மருந்துக்கடைக்காரர்கள் மாத்திரையை அப்படியே கையில் நீட்டினார்கள். வீட்டுக்காரர் சாத்தூரில் லாரி ஷெட்டில் மெக்கானிக். அந்த ஷெட்டும் மூடிக் கிடந்தது. பேப்பர் வாங்க வைத்திருந்த பணம் அரிசியாகவும் எண்ணெயாகவும் போனது. டிவியில் ஒருவர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது உலகத்துக்கே புது அனுபவம் என்று பேசினார். எனக்கு வந்த கோபத்தில் டிவியை அணைத்துவிட்டேன்.

கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்ததும் பழைய கம்பெனி போர்மேன் வாசலுக்கு வந்தார். "கம்பெனி தொறக்கப் போறாகம்மா. ஆளு பத்தலை. வேன்ல ஒனக்கு ஒரு சீட்டு போட்டு வச்சிருக்கேன்" என்றார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கட்டுப் பேப்பர். அது தீர்ந்தால், மேற்கொண்டு வாங்கக் கையில் காசில்லாவிட்டால், வேன்தான். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான், வீட்டிலிருந்தே சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் நிவாரணம் உண்டு என்ற அறிவிப்பு வந்தது. கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். அங்கே இருந்த பிள்ளை, "என்ன தொழில்க்கா?" என்று கேட்டது. "வீட்டு வேலைதான் தாயி" என்றேன். அது தட்டிவிட்டது. நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து நாளில் விருதுநகரில் நிவாரண மனுவைப் பார்க்கிற ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளார்க் இருந்தார்.

"எந்த வீட்டுல வேலை பாக்குறீக?"

"எங்க வீட்டுலதான்யா."

"அது சரிம்மா. வேலை பாக்குறது எந்த வீட்டுல?"

"அதான் சொல்றேன்லய்யா. எங்க வீட்டுல."

அவர் மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, சொந்த வீட்டுல சோறு பொங்குறதுக்கும் நிவாரணம் குடுக்கணுமாக்கும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் விளங்கியது. தொழில் என்ற இடத்தில் 'வீட்டுப் பணியாளர்' என்றிருந்தது. வேலை கொடுப்பவர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் என்று என்னைப் பதிந்திருக்கிறார்கள். கவரைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. குரலைத் தாழ்த்தி யோசனை சொன்னார்.

"இதை மாத்தணும்னா மேல போய்த் திரும்பி வரணும். வருமான்னு எனக்கே தெரியாது. பேசாம இப்பிடியே இருக்கட்டும். யாராச்சும் ஒரு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறதாக் கடுதாசி வாங்கியாங்க. அடுத்த லிஸ்ட்லயே ஏறிரும்."

எங்கள் தெருவில் எங்கள் சபையைச் சேர்ந்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷி. கேட்ட உடனே பேனாவை எடுத்துவிட்டார். "ஒரு குடும்பம் பொழைக்கிறதுக்குத்தானே, கர்த்தர் மன்னிப்பாரு" என்று சொல்லிக்கொண்டே முத்து முத்தாக எழுதினார். நான் அவர் இல்லத்தில் நான்கு ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கி, வீடு கூட்டி, நேர்மையாகப் பணிபுரிந்து வருகிறேனாம். 'நேர்மையாக' என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. முழுப் பொய்க்கு நடுவில் அந்த வார்த்தையை எப்படித்தான் போட முடிந்ததோ.

பாத்திரம் தேய்ப்பதை நான் கேவலமாக நினைக்கவில்லை. என் அம்மா நாலு வீட்டில் தேய்த்துத்தான் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள். நிஜமாகத் தேய்க்கிறவளுக்கு வரவேண்டியதை, தேய்க்காத நான் போய் வாங்குவதா? அதைவிட எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. இத்தனை வருஷம் முதுகு ஒடிய ஒட்டிய கவர் எந்தக் காகிதத்திலும் ஏறாமலே போய்விடும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கடுதாசில என்ன எழுதியிருந்தா என்ன? பணம் வந்தா பேப்பர் எடுக்கலாம். வராட்டி நீ வேன்ல ஏறணும். ரோசம் சோறு போடுமா?" என்றார். அவர் கேட்டது நியாயம். நான் வேனில் ஏறுவது என்னைவிட அவருக்குத்தான் பயம். கடிதத்தைப் பையில் வைத்தேன். கூடவே அந்தக் கடைசிக் கட்டுப் பேப்பரையும் பசை டப்பாவையும் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், அப்போதே முடிவெடுத்துவிட்டேன் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். வெறுங்கையோடு போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை ஜன்னலுக்கு முன்னால் என் முறை வந்தது.

"கடுதாசி கொண்டாந்தீகளா?"

"கொண்டாந்திருக்கேன். குடுக்க மாட்டேன்."

"என்னம்மா வெளையாடுறீகளா?"

"நான் பாத்திரம் தேய்க்கலைய்யா. கவர் ஒட்டுறேன். அதை எழுதுங்க."

"அதுக்கு இதுல எடம் இல்லை."

"எடம் போடுங்க."

"நானா போட முடியும்? பெரிய மேடம் வரணும். மீட்டிங் போயிருக்காக. எப்ப வருவாகளோ."

"வரட்டும். இருக்கேன்."

கூடத்தில் ஆளுக்கு ஆள் இடைவெளி வேண்டும் என்று தரையில் வெள்ளை வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். பியூன் ஓடி வந்தார். "இங்கன என்ன பண்ணுறீக? வட்டத்துல நிக்கணும்." "வட்டத்துக்குள்ளதான் இருக்கேன். உக்காரக் கூடாதுன்னு போர்டு இருக்காண்ணே?" என்று கேட்டேன். போர்டு இல்லை. சும்மா இருந்தால் தைரியம் போய்விடும். மடித்தேன், தடவினேன், ஒட்டினேன். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். போன வாரம் சிரித்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் தாண்டி மேடம் வந்தார்கள். குனிந்து ஒரு கவரை எடுத்து, வாயைப் பிரித்து உள்ளே பார்த்தார்கள்.

"உள்ள முருகன் இருக்காரு?"

"கலர் விலகினவரும்மா. வெளிய தெரியமாட்டாரு."

மாஸ்க்குக்குள் சிரித்தார்களோ என்னவோ, கண் சுருங்கியது. நான் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். கிளார்க்கைக் கூப்பிட்டு, சுயதொழில் என்று மாற்றி மேலே அனுப்பச் சொன்னார்கள். பிறகு என்னிடம் திரும்பினார்கள். "ஒண்ணு சொல்லிடுறேன். பழையபடியே விட்டா சீக்கிரம் வரும். மாத்தினா எப்ப வரும், வருமான்னுகூட நான் சொல்ல முடியாது. யோசிச்சுக்கங்க."

டீச்சர் கடிதம் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். வேன் நினைவுக்கு வந்தது, அந்த மத்தியானச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தக் கூடத்தில் அத்தனை பேர் பார்க்கக் கவர் ஒட்டிவிட்டு, பாத்திரம் தேய்க்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாத்துங்கம்மா" என்றேன்.

'காகித உறை தயாரிப்பு, சுயதொழில்' என்று கிளார்க் எழுதினார். அதை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். முறைத்துக்கொண்டே வாசித்தார்.

அதற்கடுத்த லிஸ்ட்டில் என் பெயர் வரவில்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்ததில் டீச்சருக்கு மனத்தாங்கல். சில வாரம் என்னோடு பேசவில்லை. போர்மேன் திரும்ப வந்து, சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார். நான் சொல்லவில்லை. வேன் சீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்டபோது நிம்மதியும் திகிலும் சேர்ந்தே வந்தன. ரேஷன் அரிசியிலும், அரை நாள் திறந்த லாரி ஷெட்டிலும் காலம் ஓடியது. திங்கட்கிழமை ஆனால் விருதுநகர் பஸ் ஏறிவிடுவேன். "மேல போயிருச்சாய்யா?" என்று கிளார்க்கிடம் கேட்பேன். "போயிருக்கு" என்பார். வட்டத்தில் உட்கார்ந்துவிடுவேன். கடைசிக் கட்டு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று, என் வாழ்நாளில் இல்லாத நிதானத்தோடு ஒட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை பக்கத்து வட்டத்தில் சாத்தூர்க்காரி ஒருத்தி தீப்பெட்டி ஒட்டும் அட்டையோடு வந்து உட்கார்ந்தாள். அவளும் வீட்டு வேலை என்று சொல்லி மாட்டிக்கொண்டவள். அதற்கடுத்த வாரம் எங்கள் தெருவில் காலண்டர் தாள் அடுக்குகிறவளும் வந்தாள். மூன்று வட்டத்தில் மூன்று தொழில். "என்னக்கா, ஆபீஸ்லயே கம்பெனி தொறந்துட்டீகளா?" என்றார் பியூன். "கம்பெனி இல்லைண்ணே, வீட்டு வேலை" என்றாள் சாத்தூர்க்காரி. அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் என் போனுக்கு மெசேஜ் வந்தது. பணம் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை வாசித்தார். ஜெயித்துவிட்டாய் என்றெல்லாம் சொல்லவில்லை. "பேப்பர் எடுக்கப் போவமா?" என்று மட்டும் கேட்டார். கோயில்களும் திறந்துவிட்டதால் அன்றைக்கே சிவகாசிக்குப் போய் வண்டி கொள்ளாமல் கட்டி எடுத்து வந்தோம். வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. மாஸ்க் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் விருதுநகர் பஸ் ஏறினேன். வட்டத்தில் புதுப் பேப்பரைப் பிரித்தபோது கிளார்க் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒங்களுக்குத்தான் வந்துருச்சே. இன்னும் எதுக்கு வந்து உக்காந்திருக்கீக?"

"எனக்கு வந்துருச்சுய்யா. இவுக ரெண்டு பேருக்கும் இன்னும் வரலை. அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைங்க, பேப்பர் பறக்குது."