அண்ணன் தட்டிய கை

அல்லிநகரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். டிவியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. பெண்களுக்கான ஸ்னோபோர்டு ஹாஃப்பைப் போட்டி. இரண்டு பக்கமும் சுவர்போல உயர்ந்த பனிப் பள்ளத்தில் பலகைமேல் நின்று சறுக்கி வந்த ஒரு பெண், விளிம்பைத் தாண்டி ஆகாயத்தில் சுழன்றாள். இறங்கும்போது விளிம்பில் மோதி உருண்டு விழுந்தாள். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு எழுந்து, அடுத்த சுற்றுக்கும் வந்தாள். இந்த முறை விழவில்லை.

அண்ணன் கைதட்டினார். "என்னா தைரியம் பாரு அந்தப் பிள்ளைக்கு!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் உயரம் தாண்டும்போது விழுந்து என் மணிக்கட்டு முறிந்தது. இதே அண்ணன்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "கை கால் ஒடிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? இனிமே எங்க பிள்ள வெளையாட வராது" என்று டீச்சரிடம் சொன்னார்.

"நான் விழுந்தப்ப இந்தக் கைதட்டு எங்கன போச்சு?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற ஆத்தா. அவுக ஊரு வேற."

"எலும்பு எல்லா ஊர்லயும் கூடும்ண்ணே. மறுபடி தாண்டலாம்னு டாக்டர் சொன்னாக. விடாதது நீங்கதான்."

அண்ணன் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினார். அது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. ரிமோட்டைப் பிடுங்கி அந்தப் போட்டியையே திரும்ப வைத்தேன். கடைசிப் பெண் சறுக்கி முடிக்கும்வரை ரிமோட்டை என் மடியிலேயே வைத்திருந்தேன். அவர் வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு மனமில்லை.