திருப்புலிவனத்தில் இரண்டு இடங்கள்

தாம்பரத்தில் காலை ஐந்து இருபது மின்சார ரயிலைப் பிடித்தேன். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். பொங்கல் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. பையில் விசில், ஒரு நோட்டு, இரண்டு பேனா, நேற்றைய சப்பாத்தி. என்னோடு வரவேண்டிய இன்னொரு தேர்வாளருக்குக் காய்ச்சல் என்று இரவே செய்தி வந்திருந்தது. ஆகவே அன்றைக்கு விசிலும் நானே, நோட்டும் நானே.

பத்து வருடம் ரக்பி ஆடியவள் நான். இப்போது வங்கி வேலை. விடுமுறை நாட்களில் ஜூனியர் பெண்களுக்கான தேர்வுகளுக்குப் போய்வருகிறேன். ரக்பி பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியின் கோட்டைத் தாண்டி ஓடித் தரையில் அழுத்த வேண்டும். அதற்கு ட்ரை என்று பெயர். முன்னால் ஓடலாம், ஆனால் பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும். எதிராளி உங்களைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். அது டேக்கிள்.

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் இருபத்தெட்டு கிலோமீட்டர். ஆறே முக்கால் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. பாலாற்றில் நடுவே ஒரு கீற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டியதும் இருபுறமும் அறுவடை. பல இடங்களில் பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. டிரைவர் ஒவ்வொரு குவியலுக்கும் வேகத்தைக் குறைத்துத் திட்டிக்கொண்டே போனார். உத்திரமேரூரில் இறங்கும்போது மணி எட்டாக ஐந்து நிமிடம். அங்கிருந்து திருப்புலிவனத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"கல்வெட்டு பாக்கவா மேடம்? அது இந்தாண்ட கீது" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க. ரக்பி செலக்‌ஷன்."

"ஓ, அந்தக் கோணப் பந்தா! எங்க தெருப் பொண்ணு கூட ஆடுது மேடம். போன மாசம் சொந்த அண்ணனையே கவுத்து வுட்டுச்சு. அவன் ரெண்டு நாளு நொண்டிக்கினு இருந்தான்."

8.20. பள்ளி மைதானம். பாதி புல், பாதி நெருஞ்சி. சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, சவுக்குக் கம்புகளைக் கோல் கம்பமாக நட்டிருந்தார்கள். இருபத்து நான்கு பெண்கள், எல்லோரும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள். மாவட்டத்திலிருந்து மாநிலப் பயிற்சி முகாமுக்கு இரண்டு பேர் போகலாம். அந்த முகாமிலிருந்துதான் தமிழ்நாட்டு அணி எடுப்பார்கள். முகாமில் நன்றாக ஆடினால் விளையாட்டு விடுதியில் இடம், பிறகு கல்லூரியில் இடம். அந்தப் பெண்கள் யாரும் சிரித்துக்கூடப் பேசவில்லை. என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சியாளர் பிரகாஷ் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், முப்பது வயதுகூட இருக்காது. முதலுதவிக்கு ஒரு ஐஸ் பெட்டியும் துணிக்கட்டும் வைத்திருந்தார்.

"ஆம்புலன்ஸ்?"

"தேவைன்னா கூப்டுக்கலாம் மிஸ். இதுவரைக்கும் தேவைப்பட்டதில்ல."

சரி என்றேன். அங்கே நின்று இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

9.00. சிறு ஆட்டங்களாகத் தொடங்கினோம். பாதிக்கு ஏழு நிமிடம், அணிக்கு ஏழு பேர். பத்து நிமிடத்திலேயே என் நோட்டில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் விழுந்தது. அஞ்சலி, பதினாறு வயது, ஊருக்கு வெளியே இருளர் குடியிருப்பிலிருந்து வருபவள். ஒடிசலான உடம்பு. ஓடிவரும்போது இடது காலை ஊன்றி வலப்பக்கம் திரும்புவாள், பிடிக்க வந்தவள் காற்றைக் கட்டிக்கொண்டு விழுவாள். அவளுக்குச் சரியான நேரத்தில் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் திவ்யா. அதே வகுப்பு, அதே அணி. அப்பாவுக்கு ஊரில் நிலம் உண்டு. திவ்யாவுக்கு வேகம் குறைவு, ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமலே தெரியும்.

அஞ்சலியின் அம்மா கௌரி அறுப்பு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். வேலிக்கு வெளியே நின்றார்.

"உள்ள வந்து உக்காருங்கம்மா."

"பரவால்ல, இங்கிருந்தே தெரியுது."

பத்தரை மணிக்கு என் பட்டியல் இப்படி இருந்தது: முதலில் அஞ்சலி, இரண்டாவது வாலாஜாபாத்திலிருந்து வந்த ரேவதி, மூன்றாவது திவ்யா. நோட்டை நான் யாருக்கும் காட்டவில்லை. இருந்தும் மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இம்மாதிரி இடங்களில் அது எப்படியோ தெரிந்துவிடும்.

11.40. ரேவதி பந்தோடு ஓரமாக ஓடினாள். அஞ்சலி குறுக்கே பாய்ந்து அவளைப் பிடித்தாள். டேக்கிள் செய்யும்போது தலை எதிராளியின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அஞ்சலியின் தலை முன்பக்கம் போய்விட்டது. ரேவதியின் முழங்கால் அவள் நெற்றிப் பொட்டில் மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

இருவரும் விழுந்தார்கள். ரேவதி எழுந்தாள். அஞ்சலி எழ ஒரு மூச்சு, இரண்டு மூச்சு நேரம் ஆனது. ஓடிப்போய்க் குனிந்தேன்.

"ஓகேவா?"

"ஓகே மிஸ்."

தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே அனுப்ப வேண்டும், அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது. இதை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நட்சத்திரம் போட்ட பெண்ணை நானே எப்படி வெளியே அனுப்புவது? அவள் எழுந்துவிட்டாள், பேசிவிட்டாள். போதும் என்று விசிலை ஊதினேன்.

இரண்டு நிமிடம் கழித்து அதே அஞ்சலி நடுக்கோட்டிலிருந்து ஓடி மூன்று பேரைத் தாண்டி ட்ரை போட்டாள். வேலிக்கு வெளியே கௌரி இரண்டு கையையும் தூக்கினார். என் மனசு லேசானது. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

11.55. கடைசி ஆட்டத்துக்கு முன் இடைவேளை. திவ்யா என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ், அஞ்சலி நாம எந்தப் பக்கம் ஓடணும்னு நாலு வாட்டி கேட்டுட்டா. ட்ரை போட்டதே அவளுக்கு ஞாபகம் இல்ல மிஸ்."

பக்கத்தில் நின்ற பிரகாஷ் குரலைத் தாழ்த்தினார். "மிஸ், திவ்யா மூணாவதுன்னு எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் யோசிச்சுக்குங்க."

எனக்கும் அதே எண்ணம் ஒரு கணம் வந்தது. அந்தக் கணத்துக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். அஞ்சலி தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் மண்டியிட்டேன்.

"இது எந்த ஊரு?"

"திருப்புலிவனம்."

"கடைசி ட்ரை யாரு போட்டா?"

அவள் கண் என்னைத் தாண்டி ஒவ்வொரு முகமாகத் தேடியது. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைத் தேடுகிற மாதிரி. "திவ்யா" என்றாள்.

"நீதான்டீ போட்ட!" திவ்யா அழுதேவிட்டாள்.

அஞ்சலிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இவ சொன்னாளா மிஸ்? இவளுக்கு என் எடம் வேணும். அதான் சொல்றா. இன்னும் ஒரே ஒரு மேட்ச் மிஸ், பதினாலு நிமிஷம். எனக்கு ஒண்ணியும் இல்ல, பாருங்க."

எழுந்தாள். முட்டி மடங்கியது. பிரகாஷ் பிடிப்பதற்குள் சுண்ணாம்புக் கோட்டின்மேல் வாந்தி எடுத்தாள்.

12.10. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். பக்கத்து வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, அடுத்தது வர முக்கால் மணி ஆகலாம் என்றார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த திவ்யாவின் அப்பா வேணு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏத்துங்க, ஏத்துங்க."

அஞ்சலியைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்தோம். கௌரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காரில் ஏறலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. புடவையில் ஒட்டியிருந்த வாந்தியை அவசரமாகத் துடைத்தார்.

"ஏறும்மா, சீட்டா முக்கியம்?" என்றார் வேணு. கௌரி ஏறிச் சீட்டின் நுனியில் உட்கார்ந்து மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கடைசி ஆட்டத்தைப் பிரகாஷிடம் விட்டுவிட்டு நான் முன்னால் ஏறினேன்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் இதே காரில் செங்கல்பட்டுக்குப் போங்கள் என்றார். "பேச்சு கொடுத்துக்கிட்டே போங்க. மயக்கமானாலோ வலிப்பு வந்தாலோ எனக்குப் போன் பண்ணுங்க."

காலையில் வந்த அதே இருபத்தெட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் அதே நெல். எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடமில்லை. வேணு ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சாலவாக்கம் தாண்டும் வரை அஞ்சலி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"மேட்ச் ஆரம்பிச்சாச்சா?"

"இல்லம்மா."

இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும், "மேட்ச் ஆரம்பிச்சாச்சா மிஸ்?"

ஐந்தாவது தடவை அவள் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. "அஞ்சலி! அஞ்சலி!" என்று கத்தினேன். கௌரி கன்னத்தைத் தட்டினார். "இன்னாம்மா, தலைய நோவுது" என்று முனகினாள். அந்த முனகலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் கௌரி என்னிடம் கேட்டார். "அடி பட்டப்ப நீதான பக்கத்துல இருந்த? இன்னாத்துக்கு மறுபடியும் ஓட வுட்ட?"

"தப்பு என்னுதும்மா. அப்பவே வெளிய அனுப்பியிருக்கணும். நல்லா ஆடுற பொண்ணாச்சேன்னு வுட்டுட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலாற்றுப் பாலம் வரை திரும்பவேயில்லை.

3.15. செங்கல்பட்டு. ஸ்கேன் முடிந்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். தலைக்குள் ஒரு சிறிய ரத்தக் கசிவு. ஆபரேஷன் வேண்டாம், இங்கேயே வைத்துப் பார்ப்போம், காலையில் மறுபடி ஸ்கேன் என்றார். "மூணு மாசத்துக்கு விளையாட்டுன்னு வாயைத் திறக்கக் கூடாது. இன்னொரு அடி விழுந்திருந்தா கதை வேற." முகாம் தொடங்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

5.00. பட்டியல் ஆறு மணிக்குள் மாநில ரக்பி சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிரகாஷ் போனில் வந்தார். கடைசி ஆட்டத்தில் திவ்யா நன்றாக ஆடினாளாம். "ஆனா மிஸ், இங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. அவ போட்டுக் குடுத்து எடம் வாங்கிட்டான்னு. அவளும் வேணாம்னு அழுதுகினு கீறா. வேற யாரையாவது போட்டுடலாமா?"

"நாலாவதா இருக்குறவ திவ்யாவைவிட நல்லா ஆடினாளா?"

"அது இல்ல மிஸ்."

"அப்ப மூணாவது மூணாவதுதான்."

வராண்டாவில் நின்று ரேவதி, திவ்யா என்று எழுதி அனுப்பினேன். கீழே, அஞ்சலி தேர்வில் முதலிடம், தலைக்காயத்தால் போக முடியவில்லை என்று எழுதினேன். அந்தக் காயத்துக்குப் பிறகும் அவளை ஆடவிட்டது நான் என்பதையும் எழுதினேன். பிறகு உள்ளே போய் அஞ்சலியிடம் நானே சொன்னேன். இப்போது அவளுக்கு எல்லாம் நினைவில் நின்றது. அதனால் வலித்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊருக்குப் போக மனம் வரவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன்.

ஞாயிறு காலை 9.30. இரண்டாவது ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை. டாக்டர் சிரித்தார். கௌரி அந்தச் சிரிப்பை நம்பாமல், "நெசமாவா சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

வார்டில் திவ்யா அப்பாவோடு வந்து நின்றிருந்தாள். கையில் இட்லிப் பொட்டலம். கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள். கிட்டே போகவில்லை.

"நான் போகல. சார்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

அஞ்சலி விட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள். "நீ போவலன்னா எனக்கா குடுப்பாங்க?"

திவ்யா பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றினாள்.

"போய் ஆடு. எனக்கு உம்மேல கோவம் கீது, அது இருக்கும். நீ போ." பிறகு, "அந்த இட்லிய இங்க குடு" என்றாள்.

இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். திவ்யா கட்டிலில் உட்கார்ந்தாள், அஞ்சலி காலை மடக்கி இடம் கொடுத்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

படியிறங்கும்போது சென்னையில் நாங்கள் தேர்வு நடத்தும் மைதானம் ஞாபகம் வந்தது. அங்கே வாசலிலேயே ஆம்புலன்ஸ் நிற்கும், ஆட்டத்தை எழுத ஒருவர், விசிலுக்கு ஒருவர், காயம் பார்க்க ஒருவர் என்று மூன்று பேர் இருப்போம். அங்கே ஆடும் பெண்களில் பாதிப் பேருக்கு அஞ்சலியின் கால்வேகம் கிடையாது. நேற்று அவளைப் பார்க்க இருந்தது நான் ஒருத்திதான், நானும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸும் இன்னொரு ஆளும் இல்லாத இடத்தில் இனி விசில் ஊத மாட்டேன் என்று அன்றே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

கௌரி ஆஸ்பத்திரி வாசல் வரை என்னோடு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பாதி டம்ளர் குடித்ததும் கேட்டார்.

"அடுத்த வருசமும் இவ ஆடலாமா? வயசு கீதா?"

"இருக்கும்மா. டாக்டர் சரின்னு சொன்னா ஆடலாம்."

"நீதான் வருவியா?"

"வருவேன்."

டம்ளரைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வந்தா ஒளுங்கா பாரு."