வலையில் துண்டு போடாதிய

அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து சண்முகம் என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. "டீச்சர், அக்கா எந்திரிக்க மாட்டேங்கா!" ஓடிப் போய்ப் பார்த்தேன். கோமதி டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். தென்காசியில் அவரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்து, அடுத்த வீட்டிலேயே குடியிருந்தவள் நான். அவரிடம் படித்தவர்களும் ஏச்சு வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கொசு டீச்சர்'. அது அவருக்கும் தெரியும். வகுப்பில்லாத நேரத்தில் நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். அவர் வீட்டு ஜன்னல் வலையை மடியில் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமையானால் வலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, சட்டத்தின் ஓரங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். "தூசி ஏறுன வலையில காத்து வராது. காத்து வரலைன்னா எவனாவது தெறந்து வச்சிருவான்" என்பார்.

காரணம் சண்முகம். டீச்சரின் தம்பி. பைக் விபத்துக்குப் பிறகு அவருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. கன்னத்தில் கொசு உட்கார்ந்தால் வாயைக் கோணிக்கொண்டு ஊதி விரட்டுவார். நெற்றியில் உட்கார்ந்தால் அதற்கும் வழியில்லை. ஒருமுறை டெங்கு வந்து, அவரைப் பிழைக்கவைக்க டீச்சர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

குற்றாலத்தில் சீசன் வந்தால் எங்கள் ஊர் வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிருக்காது. ஒரு சீசனில் என் கணவரின் அண்ணன் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள், சாரல் காற்று வரட்டும் என்று எங்கள் வீட்டில் சில ஜன்னல்களின் வலைக்கதவை விரியத் திறந்துவிட்டார்கள். மீதி வலைகளில் ஈரத் துண்டுகளை விரித்தார்கள். கனம் தாங்காமல் ஒரு வலை ஓரத்தில் பிய்ந்தது. அந்த நேரம் பார்த்து டீச்சர், எங்கள் வீட்டில் கிரிக்கெட் பார்ப்பதற்காகத் தம்பியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, துண்டு காயப்போட வெளிய கொடி கெடக்கு. வலையில போடாதிய."

கணவரின் அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. நான் டீச்சரை அடுக்களைக்கு இழுத்துப் போய், "விருந்துக்கு வந்தவங்கள இப்படியா பேசுதது? ஒரு மரியாதை வேண்டாமா?" என்றேன்.

"நீங்க மரியாதை பாருங்க டீச்சர். கொசு பாக்காது" என்றவர், ஊசியும் நூலும் கேட்டு வாங்கி, வலையைத் தைத்த பிறகுதான் உட்கார்ந்தார். நான் கொஞ்ச நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரைக் குளிர்பெட்டியில் வைத்திருந்த அன்று வீடு நிறையக் கூட்டம். பெட்டிக்கு வயர் இழுக்க யாரோ ஒரு வலையைப் பிய்த்தெடுத்திருந்தார்கள். புழுக்கம் என்று மற்ற வலைக்கதவுகளையும் திறந்துவிட்டிருந்தார்கள். துக்க வீட்டில் யாரைப் போய்க் கேட்பது? சாயங்காலம் சண்முகத்துக்குக் காபி கொண்டுபோனேன். கட்டிலைச் சுற்றி நின்று எல்லோரும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் நெற்றியில் கொசு உட்கார்ந்திருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"டீச்சர், ஜன்னல அடைக்கச் சொல்லுங்க. அக்கா பாத்தா ஏசுவா" என்றார்.

நெற்றியிலிருந்த கொசுவை விரட்டினேன். யாரையும் ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. நானே போய் அடைத்தேன்.

சண்முகம் இப்போது ஆய்க்குடியில் தங்கை வீட்டில் இருக்கிறார். அங்கேயும் வலை அடித்துக் கொடுத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, டிவி கேபிளுக்காக அதில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். கும்பிட்டு வரவேற்ற தங்கை கணவரிடம், "தம்பி, டிவிக்கு வழி விட்டது சரி. கொசுவுக்கும்லா வழி விட்டுட்டிய! மொதல்ல அத அடைங்க" என்று உட்காருவதற்கு முன்பே சத்தம் போட்டேன். மனிதர் திகைத்துப்போனார். கோமதி டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஏச்சுதான்.

கட்டிலிலிருந்து சண்முகம் சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.