மச்சானின் துப்பாக்கி நோட்டு

என் அக்கா ஃபக்ருன்னிசா லாத்தாவைக் கட்டியவர் ஷம்சுதீன் மச்சான். பர்மாவில், தின்கன்ஜூன் சந்தையில் கைலிக்கடை. அந்தக் கடையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கேயாவது பழைய பட்டாளத்துக் கார்பைன் துப்பாக்கி இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கடையை லாத்தா தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனும் போட்டுவிட்டுப் போன குட்டைத் துப்பாக்கிகள் எங்கள் மாவ்பி பக்கத்து வீடுகளில் கூரை இடுக்கிலும் நெல்லுக்கு அடியிலும் கிடந்தன. வைத்திருந்தால் ஜெயில். அதனால் மச்சான் எதையும் வாங்க மாட்டார். துப்பாக்கியில் பொறித்த முத்திரைமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்; ஜப்பான் துப்பாக்கி என்றால் செவ்வந்திப் பூ விழும். பக்கத்தில் நம்பர், வகை, ஊர், வைத்திருப்பவர் பெயர், எல்லாம் தமிழில், ஒரே நோட்டில். "எனக்கு எதுக்குடா அஸ்கர் இரும்பு? அடையாளம் போதும்" என்பார். பெரிய புத்திசாலி!

தொண்ணூற்றேழில் நான் மாவ்பியிலிருந்து லாத்தா வீட்டில் இரண்டு நாள் தங்க வந்தேன். விருந்தாளி வந்தால் வட்டார அலுவலகத்தில் பெயர் எழுத வேண்டும். மச்சானும் நானும் போனோம். அங்கே மேசைமேல், சாக்கடை தோண்டும்போது கிடைத்த ஒரு துருப்பிடித்த துப்பாக்கி. பார்க்க வந்திருந்த ராணுவக் கேப்டன், "ஜப்பான் முப்பத்தெட்டாம் வகை" என்றார்.

மச்சானின் கால் ஆட ஆரம்பித்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கேட்டால்தானே!

"முப்பத்தெட்டு இல்லீங்க, நாப்பத்துநாலு" என்றார் பர்மியத்தில். "குழல் வாய்க்குக் கீழே பாருங்க, கத்தி மடிஞ்சு கிடக்குது. முப்பத்தெட்டுல அது கிடையாது."

கேப்டன் குனிந்து பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். "கைலி விக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்?"

அடுத்த கால் மணி நேரத்தில், கேப்டன் வாசலில் நிற்க, இரண்டு சிப்பாய்கள் லாத்தா வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி இல்லை. பெட்டியிலிருந்து நோட்டுத்தான் வந்தது. என் பக்கத்து வயல்காரர் பெயர்கூட அதில் இருக்கிறது.

"என்ன எழுத்து இது? படி" என்று கேப்டன் அதை என்னிடம் நீட்டினார்.

எனக்கு வந்த கோபத்தில் மச்சானை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் படித்தேன். "கைலிக்கு அச்சடிக்கிற பூ டிசைன், ஐயா. இது டிசைன் நம்பர். இது வாங்குறவங்க பேரு." நல்லவேளை, அலுவலக மேசைமேல் கிடந்த துப்பாக்கியில் அந்தச் செவ்வந்தி முத்திரையைத் துரு தின்றிருந்தது; இல்லாவிட்டால் அதே பூ என்று கேப்டன் கண்டுபிடித்திருப்பார். பெயர்களையும் மாற்றினேன். எங்கள் மாவ்பி மையத்தாங்கொல்லையில் அடங்கியிருப்பவர்களை வரிசையாகச் சொன்னேன். உதுமான், பர்கத்துல்லா, ஜைனப். அவர்களை யார் பிடித்துக்கொண்டு போக முடியும்?

"துப்பாக்கி விஷயம் எப்படித் தெரியும்?" என்று கேப்டன் மச்சான் பக்கம் திரும்பினார்.

"எங்க வாப்பா ஜப்பான்காரங்களுக்குச் சமைச்சுப் போட்டவரு. அவர் சொன்னதுதான்" என்றார் மச்சான். அது உண்மை.

கேப்டன் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்தச் சூரியகாந்திப் பூ நல்லாயிருக்கு" என்றார். மச்சான் திருத்துவதற்கு வாயைத் திறந்தார், சத்தியமாகச் சொல்கிறேன்! லாத்தா அவர் பாதத்தை ஓங்கி மிதித்தாள். கேப்டன் நோட்டைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் அடங்கியது. பிறகு மச்சான் நோட்டை எடுத்துத் தூசி தட்டினார், குழந்தையைத் தட்டுவதுபோல. அதைப் பார்த்ததும் லாத்தாவுக்கு வந்ததே ஆத்திரம்!

"எத்தனை பேரு இருக்குது அதுல?"

"நாப்பத்தோரு பேரு."

"எழுதுறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்டயாச்சும் கேட்டீங்களா?"

மச்சானே ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் போட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் கோபமும் தீரவில்லை.

மறுநாள் காலையில் பென்சில், தாள் எதுவும் இல்லாமல் மாவ்பி பஸ் ஏறினார். பெயர்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு வீடாகப் போய், "உங்க பேரை எழுதி வச்சிருந்தேன், எரிச்சுட்டேன்" என்று சொன்னார். எல்லா வீட்டையும் முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆறு வீடுகளில் அவரை உள்ளே விடவில்லை.